வசேர் பண்ணைக் குளம்

மரியநாயகி சென் ஓபேரை விட்டுப் புறப்பட்டது 2004ஆம் ஆண்டு நவம்பர் பதினோராம் திகதி. அந்த நாளை அவள் தெரிந்தெடுக்கவில்லை. விமானச் சீட்டு அப்படி அமைந்தது. முதலாம் உலகப் போர் முடிந்த நாள் என்று பிரான்ஸ் முழுவதும் விடுமுறை. வடக்கே, சீனிக்கிழங்கு வயல்களுக்கு நடுவில் கிடந்த அந்தச் சின்ன ஊரிலும், குளிரைப் பாராமல் எல்லோரும் கோயிலடியில் கூடியிருந்தார்கள். அங்கே ஒரு நினைவுக்கல் நின்றது. ஊரின் மேயர் அதில் வெட்டியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், “பிரான்சுக்காக மாண்டார்” என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கல்லில் இருந்த ஆண்களைவிட அன்று ஊரில் இருந்த ஆண்கள் குறைவு.

அவளும் கணவன் ஏர்னஸ்டும் பெட்டிகளோடு ஒரு வான் வண்டிக்குள் இருந்தபடி அதைப் பார்த்தார்கள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. வானின் சொந்தக்காரர் ஜெரார் வசேர், அவர்கள் வேலை செய்த பண்ணையின் முதலாளி, கூட்டத்துக்கு வெளியே, பூட்டிக் கிடந்த வெதுப்பகத்தின் சுவரோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். வருடா வருடம் அந்த நாளில் கொடி பிடிப்பவர் அவர்தான். அவருக்கு முன் அவருடைய தகப்பன் பிடித்தார். இம்முறை கொடி வேறொருவர் கையில் இருந்தது. கூட்டம் கலைந்தபோது ஒருவரும் வசேருக்குக் கைகொடுக்கவில்லை.

அவர் வந்து வானை எடுத்தார். ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார். மேடையில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

“நீங்கள் போகிற நாட்டில், நிலத்தில் போர் நடந்திருக்கிறதா?”

“தெரியாது, முசியோ,” என்றாள் மரியநாயகி.

“நடக்காமல் இருந்தால் நல்லது,” என்றார் அவர்.

ஏர்னஸ்ட் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மனிதரிடம் சொல்லவேண்டிய ஒரு விடயம் மரியநாயகிக்கு இருந்தது. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். ரயில் வந்துவிட்டது.

அந்த ஒரு விடயம் இதுதான்.

மரியநாயகியும் ஏர்னஸ்டும் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். சண்டைக்குள் இருந்து தப்பிப் பாரிசுக்கு வந்தார்கள். ஏர்னஸ்ட் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தபோது, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒருவர், வடக்கே ஒரு பண்ணையில் மாடு பார்க்க ஆள் தேவையென்றும், இருக்க வீடு தருவார்களென்றும், வதிவிட அனுமதிக் காட் இருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னார். அப்படித்தான் அவர்கள் சென் ஓபேருக்குப் போனார்கள். றொய்ஸ்டன் அங்கேதான் பிறந்தான். கைக்குழந்தையைக் காண்பது அரிதான ஊர் அது. கிழவிகள் அவனை வாங்கி வாங்கித் தூக்கினார்கள்.

வசேர் நல்ல மனிதர் என்று சொல்ல முடியாது. கெட்ட மனிதரும் அல்ல. மாடு கன்று போட்டால் ஒரு போத்தல் வைன் தருவார். பால் கறக்கும் இயந்திரத்தைப் பிழையாகக் கழுவினால் ஊர் கேட்கக் கத்துவார். பிறகு மறந்துவிடுவார்.

முதல் இலையுதிர்காலத்தில், கிழங்கு கிண்டும்போது, உழவு இயந்திரத்துக்கு முன்னால் துருப்பிடித்த நீளமான இரும்பொன்று மண்ணுக்குள் இருந்து எழும்பியது. ஏர்னஸ்ட் பாய்ந்து குப்புறப் படுத்துவிட்டான். வசேர் சிரித்துக்கொண்டே வந்து அதைத் தூக்கி, தோளில் வைத்து, வயலோரத்து மின்கம்பத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தார். அது எண்பது வருடங்களுக்கு முந்திய பீரங்கிக் குண்டு. அந்தப் பகுதி முழுக்க அப்படித்தான். வயலில் குண்டு வந்தால் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னால், ராணுவ லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

“ஒவ்வொரு வருடமும் விளைகிறது. நாங்கள் விதைப்பதில்லை,” என்றார் வசேர்.

ஏர்னஸ்ட் சிரிக்கவில்லை. அவனுடைய தகப்பன் பனங்காணிக்குள் வெடிக்காமல் கிடந்த ஒரு செல் குண்டைப் பற்றி ராணுவ முகாமுக்குப் போய் அறிவித்தவர். நல்ல பிள்ளையாக, தானாகவே போய்ச் சொன்னவர். விசாரிக்க வேண்டும் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அதனால் அடுத்த வருடம் அவன் தனியாக உழும்போது வந்த ஒரு குண்டைக் கம்பத்தடியில் வைக்கவில்லை. வைத்தால் லொறி வரும். லொறியில் ஆமி வரும். யார் எடுத்தது என்று கேட்பான். பெயரைக் கேட்பான். பிறகு காட்டைக் கேட்பான். அவன் அதைப் பசளைப் பையில் சுற்றிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய மாட்டுக் குளத்துக்குள் மெதுவாக இறக்கிவிட்டான். மரியநாயகி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தைப் போட்டனீங்கள்?”

“கல்லு.”

கல்லை ஒருவரும் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போவதில்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பிறகும் அவன் சில தடவை அப்படிப் போவதைக் கண்டாள். தண்ணீருக்குள் கிடந்தால் ஊறிச் செத்துப்போய்விடும் என்று அவனைப் போலவே அவளும் நம்பினாள்.

2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பா வெயிலில் எரிந்தது. சென் ஓபேரில் கிழவர்கள் தங்கள் கட்டில்களிலேயே செத்துக் கிடந்தார்கள். குளம் வற்றி, அடிச்சேறு வெடித்து, ஓடு ஓடாகக் கிளம்பியது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பின்னேரம், நான்கு வயது றொய்ஸ்டன் கையில் ஒரு தடியோடு அதற்குள் இறங்கினான்.

அந்தச் சத்தத்தைப் பற்றி மரியநாயகி ஒருநாளும் கதைத்ததில்லை. நாமும் அதை விட்டுவிடலாம்.

பொலிஸ் வந்தது. குளத்துக்குள் இத்தனை குண்டுகள் எப்படி வந்தன என்று கேட்டார்கள். தெரியாது என்றான் ஏர்னஸ்ட். அவனிடம் அப்போதும் காட் இல்லை. மரியநாயகியைக் கேட்கவேயில்லை, அவள் பதில் சொல்லும் நிலையில் இருக்கவில்லை. வசேரைக் கேட்டார்கள். அவர் ஏர்னஸ்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என் பண்ணை. என் குளம்,” என்றார்.

 அதைச் சொன்னபோது அவர் என்ன நினைத்தார் என்பது இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் குற்றவாளி என்றது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அவர் மாடுகளை விற்றார். கொடியைக் கேட்டு ஆள் வந்தது, கொடுத்துவிட்டார்.

பிள்ளையைப் பாரிசுக்கு வெளியே, உறவுக்காரர் வந்துபோகக்கூடிய ஒரு சவக்காலையில் அடக்கம் செய்தார்கள். சில மாதங்களில் அவர்களுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. பிள்ளையின் சாவைப் பார்த்து இரங்கித்தான் தந்தார்கள் என்று லாச்சப்பலில் கதைத்தார்கள். ஏர்னஸ்ட் அந்தக் காட்டைச் சட்டைப்பைக்குள் வைப்பதேயில்லை. பெட்டிக்கு அடியில் போட்டு வைத்தான். பிறகு ஆக்லாந்தில் இருந்த மரியநாயகியின் அண்ணன் அவர்களைக் கூப்பிட்டெடுத்தார்.

ஆக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவில் நல்ல மண் இருந்தது. கத்தரி வைக்கலாம் என்றாள் மரியநாயகி. ஏர்னஸ்ட் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன், மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, சாண் சாணாக நிலத்தைக் குத்திப் பார்த்துக்கொண்டு போனான். வேலிக்கு அங்கால் நின்ற தொங்காத் தீவுக்காரர், புதையல் தேடுகிறாயா என்று கேட்டுச் சிரித்தார். ஓம் என்று தலையாட்டினான் ஏர்னஸ்ட்.

வந்த மூன்றாம் மாதம் றொஷானி பிறந்தாள். அவளுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான் என்றும், பண்ணையில் நடந்த ஒரு விபத்தில் இறந்தான் என்றும் மட்டும் சொல்லி வளர்த்தார்கள். ஏர்னஸ்ட் பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். முதுகு போனபின் வீட்டில் இருந்தான். மரியநாயகி முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். கணவனும் மனைவியும் சண்டை பிடிப்பதில்லை. சேர்ந்து கோயிலுக்குப் போனார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். ஓகஸ்ட் மாதம் வந்தால் இருவரும் வீட்டுக்குள் கொஞ்சம் மெதுவாக நடந்தார்கள். அவ்வளவுதான்.

இருபது வருடம் இப்படியே போய்விட்டது.

றொஷானி நகரின் மறு முனையில், ஆல்பனியில், பல்கலைக்கழகத்தில் படித்தாள். வார இறுதியில் வெஸ்ட்கேட் கடைத்தொகுதியில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலை. அடுத்த வருடம் ஒரு தவணை பிரான்சில் போய்ப் படிக்கலாம் என்று எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து மத்தியானம் சாப்பிடும்போது, ஒரு கையால் புட்டைக் குழைத்துக்கொண்டு மற்றக் கையால் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“மேசையில ஃபோன் வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது,” என்றாள் மரியநாயகி.

“ரிசர்ச், அம்மா. உங்கட வில்லேஜுக்கு வெப்சைட் இருக்கு. ஹிஸ்டரி எல்லாம் போட்டிருக்கினம்.”

“எந்த வில்லேஜ்?”

“சென் ஓபேர்.”

ஏர்னஸ்டின் கை சாப்பாட்டுக் கோப்பைக்குள் நின்றது.

அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்தார் போட்டிருந்த பக்கம் அது. நாலைந்து ஓய்வுபெற்ற ஆட்கள் சேர்ந்து எழுதியிருப்பார்கள். போரில் கோயில் தரைமட்டமானது, பிறகு செங்கல்லால் கட்டியது, கிழங்கு கிண்டப் போலந்துக்காரர் வந்தது, சீனி ஆலை மூடியது என்று வருடவாரியாக நீண்டது. றொஷானி கைபேசியையே மொழிபெயர்க்க விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் ஆங்கிலத்தில் வாசித்தாள். திடீரென்று சிரித்தாள்.

“யூ கைஸ் ஆர் ஃபேமஸ். ‘இந்தியத் தொழிலாளி’ எண்டு போட்டிருக்கு. அப்பா, யூ ஆர் இந்தியன் நவ்.”

“அங்க எங்களெல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுறவை,” என்றாள் மரியநாயகி. “மிச்சத்தை வாசி.”

றொஷானி வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள், ஆனாலும் நிறுத்தவில்லை.

2003 ஓகஸ்ட்டில் வசேர் பண்ணையின் இந்தியத் தொழிலாளி ஒருவரின் மகன், நான்கு வயது றொய்ஸ்டன், வற்றிய குளத்தில் குண்டு வெடித்து மாண்டான் என்று இருந்தது. பண்ணைக்காரர் வயலில் அகப்பட்ட குண்டுகளை ஒப்படைக்காமல் குளத்துக்குள் எறிவதை வழக்கமாகக் கொண்டிருந்தார் என்று இருந்தது. பெரும் போர் எங்கள் ஊரில் எடுத்த கடைசி உயிர் இந்தச் சிறுவனுடையது என்று முடிந்தது.

“பொம்? ஹீ டைட் ஃப்ரம் எ பொம்?” என்றாள் றொஷானி. “நீங்க ட்ராக்டர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ட்ராக்டர் எண்டு நாங்கள் சொல்லேல்லை. விபத்து எண்டுதான் சொன்னனாங்கள்.”

ஏர்னஸ்ட் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டான். மரியநாயகி மகளிடம் கைபேசியை வாங்கினாள்.

“றொய்ஸ்டன் எண்டு எந்த இடத்தில இருக்கு?”

றொஷானி விரலை வைத்துக் காட்டினாள். மரியநாயகி அந்தப் பெயரைக் கனநேரம் பார்த்தாள். தன் பிள்ளை அந்த ஊரில் இருந்ததற்கு இந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த வரிக்குக் கீழே, அதோடு ஒட்டிக்கொண்டு, அந்தப் பொய் இருந்தது.

வசேர் இன்னும் உயிரோடு இருப்பாரா என்று யோசித்தாள். இருந்தால் எண்பது கடந்திருக்கும். அவருடைய பேரப்பிள்ளைகளும் இதை இப்படித்தானே கைபேசியில் வாசிப்பார்கள்.

அந்தக் கிழமையில் ஒருநாள், வேலை முடிந்த அவளை ஏற்ற ஏர்னஸ்ட் வந்தபோது, காரை ஒடாஹுஹு கடைத்தெருவுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள். மழை பெய்துகொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ. அவையளுக்கு எழுதவேணும்.”

“ஆருக்கு?”

“தெரியாத மாதிரிக் கேக்காதேங்கோ.”

ஏர்னஸ்ட் கண்ணாடி துடைக்கும் தடியை நிற்பாட்டினான். வெளியே ஒன்றும் தெரியாமல் போனது.

“என்னத்தை எழுதப் போறாய்? நான்தான் போட்டனான் எண்டோ?”

“ஓம்.”

“பெரிய நீதவான் அம்மா வந்திட்டா. இருவது வருசம் உன்ர வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ இருந்தது?”

“ஓம். இருந்தது. நானும் பாத்துக்கொண்டு நிண்டவள்தானே. எனக்கும் பங்கு இருக்கு.”

“அந்தாளுக்கு வயசு போட்டுது. செத்தும் இருக்கும். ஆருக்கு லாபம்?”

“செய்யாத ஆள் செய்ததெண்டு எழுதி வச்சிருக்கு. அதுவும் எங்கட பிள்ளையின்ர பேருக்குப் பக்கத்தில.”

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு, கோபமெல்லாம் வடிந்துபோன குரலில் சொன்னான்.

“நாயகி, அதில அவன்ர பேர் இருக்கு. வேறை ஒரு இடத்திலயும் இல்லை. அதைப் போய்க் கிண்டாத. கிண்டினா என்ன வருமெண்டு எனக்குத் தெரியும்.”

“பேர் இருக்கட்டும். பொய்யைத்தான் எடுக்கச் சொல்லுறன்.”

“நீ சொல்லுற மாதிரி எடுப்பாங்களோ? ஒஃபிஸில இருக்கிறவங்களை உனக்குத் தெரியாது.”

“அவையள் ஒஃபிஸ் இல்லை. ஊராக்கள்.”

“ஊராக்களையும் தெரியாது,” என்று சொல்லிவிட்டு அவன் காரை எடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை மரியநாயகி பஸ் மாறி மாறி வெஸ்ட்கேட்டுக்குப் போனாள். றொஷானியின் இடைவேளை நேரத்தில் இருவரும் கடைக்கு வெளியே ஒரு வாங்கில் இருந்தார்கள். புதுக்கடைகள், புது நடைபாதை, நட்டுக் கொஞ்ச நாளான மரங்கள். மகள் சிப்ஸ் வாங்கி வந்தாள். மரியநாயகி ஒன்றைக்கூட எடுக்காமல், குசினி யன்னலில் இருந்து தான் கண்டதைச் சொல்லி முடித்தாள்.

“பிரான்ஸ்ல எந்த ஆமிக்கு அம்மா பயம்?” என்றாள் றொஷானி.

“ஆமியெண்டா ஆமிதான்.”

“பட் எல்லாரும் கம்பத்தடியில வைப்பினம் எண்டு அவருக்குத் தெரியும்தானே. ஹீ நியூ. ஜஸ்ட் கோல் பண்ணியிருக்கலாம்.”

“உன்ர அப்பப்பா அப்பிடித்தான் போய்ச் சொன்னவர்.”

றொஷானி சிப்ஸ் பையை மடித்தாள். திரும்பவும் மடித்தாள்.

“ஸோ டாட் கில்ட் ஹிம்,” என்றாள்.

“அப்பிடிச் சொல்லாத.”

“வேறை எப்பிடிச் சொல்லுறது? நீங்களே தமிழ்ல சொல்லுங்கோவன்.”

மரியநாயகி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தமிழிலும் அது அப்படித்தான் வந்தது.

அந்த மாதக் கடைசியில் றொஷானி ஆல்பனியில் சிநேகிதிகளோடு ஒரு ஃபிளட்டுக்குப் போய்விட்டாள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கம் என்று காரணம் சொன்னாள். பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தது ஏர்னஸ்ட்தான். அவள் தகப்பனைக் கட்டிப் பிடிக்கவில்லை, “பாய்” என்றாள். அவனும் “பாய்” என்றான். அதற்குப் பிறகு தாயோடு மட்டும்தான் தொலைபேசியில் கதைத்தாள்.

குரலாகவே சொல்லி அனுப்பலாம் என்பது றொஷானியின் யோசனை. எழுதினால் மொழிபெயர்ப்பு எதையாவது கெடுத்துவிடும், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றாள். ஒரு வேலையில்லாத நாளில் மரியநாயகி ஆல்பனிக்குப் போனாள். சிநேகிதிகளின் சைக்கிள்களும் ஈரத் துவாய்களும் கிடந்த அறையில், கட்டில் நுனியில் இருந்துகொண்டு, கைபேசியை வாய்க்கு நேரே பிடித்தாள்.

அவளுடைய பிரெஞ்சு மாட்டுக் கொட்டிலில் பழகியது. மடி, கறவை, வைக்கோல், வாளி, கன்று, சேறு, குளிர் என்பவற்றுக்கு அதில் சொற்கள் இருந்தன. குற்றத்துக்கும் வெட்கத்துக்கும் இருக்கவில்லை. ஆகவே அவள் இருந்ததை வைத்துச் சொன்னாள். நான் றொய்ஸ்டனின் தாய். குளத்தில் போட்டது முசியோ வசேர் அல்ல. என் கணவர் போட்டார். பயத்தில் போட்டார். நான் யன்னலால் பார்த்தேன். நான் பேசவில்லை. முசியோ வசேர் போடவில்லை. நான் பார்த்தேன். அவர் இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். நான் பார்த்தேன்.

“அம்மா, ஒருக்காச் சொன்னாக் காணும்,” என்றாள் றொஷானி.

“காணாது,” என்றாள் மரியநாயகி.

றொஷானி அதோடு, பண்ணைக்காரரைப் பற்றிய அந்த ஒரு வசனத்தைத் திருத்தித் தரும்படி இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மரியநாயகி கணவனிடம் ஒளிக்கவில்லை. அவன் உள்ளி உரித்துக்கொண்டிருந்தான்.

“அனுப்பிட்டியோ?”

“ஓம்.”

“சரி.”

அவன் மிச்ச உள்ளியையும் உரித்து முடித்தான்.

அன்றிலிருந்து ஏர்னஸ்டுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் தேத்தண்ணி குடித்தபின் டப்லெட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பான். அவனுக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. ஆனால் எவ்வளவு தூரம் விரலால் தள்ளினால் மகனின் பெயர் வரும் என்று கை கணக்கு வைத்திருந்தது. பெயரைக் காண்பான். மூடிவிடுவான். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். முதுகு நோகிறது என்று ஃபாதரிடம் சொல்லச் சொன்னான்.

மரியநாயகி தன் பாட்டுக்குக் காத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம், வசேர் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து தன் குரலைக் கேட்பதாக நினைத்துப் பார்த்தாள். அவர் கத்தினால் நல்லது என்று நினைத்தாள். கத்தினால் பிறகு மறந்துவிடுவார். சில நாட்களில் அவர் ஒன்றுமே சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள்.

பதில் வரவில்லை. றொஷானி ஒருமுறை நினைவூட்டல் அனுப்பினாள். அதற்கும் வரவில்லை. பிரான்சில் படிக்கப் போகும் எண்ணத்தையும் அவள் கைவிட்டுவிட்டாள்; ஏனென்று மரியநாயகி கேட்கவில்லை. நத்தாருக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனாள். தகப்பனும் மகளும் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு, கிரிக்கெட்டை மட்டும் கதைத்தார்கள்.

“பாத்தியோ, ஒண்டும் வரேல்லை,” என்றான் ஏர்னஸ்ட் ஒருநாள். அவன் அதை நிம்மதியோடு சொன்னது மாதிரி இருந்தது. “குப்பைக்குள்ள போட்டிருப்பாங்கள். நல்லது. விடு.”

“வரும்,” என்றாள் அவள்.

வந்தது. குரலை அனுப்பி ஒரு வருடத்துக்கு மேல் சென்றபின், ஒரு புதன்கிழமை காலை. ஏர்னஸ்ட் அன்று முதுகு மருந்துக்காக டொக்டரிடம் போயிருந்தான், டப்லெட்டைத் திறக்கவில்லை. சலவைப் பகுதியில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தபோது மரியநாயகியின் கைபேசி அதிர்ந்தது. றொஷானி அனுப்பியிருந்தாள். தன் சார்பில் ஒரு சொல்லும் எழுதாமல், வந்ததை அப்படியே கைபேசியில் தமிழாக்கி வைத்திருந்தாள்.

“மதிப்புக்குரிய மதாம்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எங்கள் சங்கம் வருடத்தில் இரண்டு முறைதான் கூடுகிறது. உங்கள் குரற்பதிவை நாங்கள் நால்வரும் சேர்ந்திருந்து கேட்டோம். முசியோ ஜெரார் வசேர் கடந்த பெப்ரவரியில் காலமானார். பதிவை அவருக்குப் போட்டுக் காட்ட இயலவில்லை. கடைசிக் காலத்தில் அவர் ஆட்களை அடையாளம் காணவில்லை. அவருடைய மகளுக்கு அறிவித்தோம். தன் தகப்பனின் பெயரோ, அந்த விபத்தோ இனி எந்த விதமாகவும் எழுதப்படுவதைத் தான் விரும்பவில்லை என்று அவர் தெரிவித்தார். நாங்கள் அதை மதிக்கிறோம்.

எது சரி, எது பிழை என்று தீர்மானிப்பது எங்கள் வேலை அல்ல. ஆகவே அந்தப் பந்தியை முழுவதுமாக அகற்றியிருக்கிறோம். இப்போது அந்தப் பக்கம் 1998இல் பள்ளிக்கூடம் திருத்தப்பட்டதில் இருந்து 2006இல் புதிய தண்ணீர்த்தொட்டி கட்டப்பட்டதற்கு நேரே போகிறது. நீங்கள் சுட்டிக்காட்டிய தவறு இனி அங்கே இல்லை.

சென் ஓபேர் மீது நீங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி.”